கதவுக்குக் கட்டின வீடு

வாசலத் தேடுதியளா தாயி? அந்தச் சேலைய ஒதுக்கிட்டு உள்ள வாங்க. ஆமா, மாம்பழக் கலர்ல தொங்குதுல்லா, அதுதான் நாலு நாளா எங்க வீட்டுக் கதவு. குனியாண்டாம், குனியாண்டாம். ஒம்பதடி உயரம். ஆனையே வரலாம். வந்தா நிக்கதுக்கு எடம் கெடையாது, அது வேற விசயம்.

அந்த ஸ்டூல்ல இரிங்க. கட்டில்ல படுத்திருக்கது எங்க வீட்டுக்காரக, பேரு சொள்ளமுத்து. நீங்க பேசுனா அவுகளுக்குக் காது கேக்கும், நான் பேசுனா கேக்காது. அடுப்படியில பாத்திரத்த உருட்டுதால்லா, அது எம்மக சந்தனமாரி. ஒத்தைக்கு ஒரு மக. ஒம்பதாம் மாசம் நடக்கு. கல்யாணம் முடிஞ்சி ஒம்பது வருசம். ரெண்டு தடவ தங்கி ரெண்டும் கலைஞ்சி போச்சி. இது மூணாவது. அதனாலதான் நான் நெருப்ப மடியில கட்டிக்கிட்டு இருக்கேன்.

என்ன கேட்டிய? "செவ்வல்குறிச்சி பங்களா ஆஸ்பத்திரியோட பெரிய வாசல் நிலையும் கதவும் ஒங்க வீட்டுக்கு எப்படி வந்திச்சி?" அப்பிடித்தான? கவருமெண்டுக்காரக கேக்க கேள்வியெல்லாம் நறுக்குன்னுதான் இருக்கும். பதில் எழுத மட்டும் ரெண்டு விரக்கடை எடம் விட்டிருக்கிய. அதுக்குள்ள என்னத்த எழுதுவிய? நான் மொதல்லருந்து சொல்லுதேன், கேட்டுட்டுப் பொறவு எழுதுங்க.

நான் உலகம்மா. அந்த ஆஸ்பத்திரில முப்பத்தோரு வருசம் ஆயா வேலை, பிரசவ வார்டு. சர்டிபிகேட்ல கையெழுத்துப் போட்டது டாக்டரு, பிள்ளையப் புடிச்சது நானு. இந்த ஊருல இன்னைக்கு மீசைய முறுக்கிக்கிட்டுத் திரியுதானுவளே, அம்புட்டுப் பேரையும் நான் துணி இல்லாமப் பாத்தவ. அதனால எவனும் எங்கிட்ட ரொம்ப வாயாடமாட்டான்.

அது ஆஸ்பத்திரியா கெட்டுன வீடு இல்ல பாத்துக்கிடுங்க. செவ்வல்குறிச்சி ராசா வீடு. ராசாவுக்கு ரெண்டு பொண்டாட்டி, ரெண்டும் பிரசவத்துல போயிட்டு. மனுசன் வெறுத்துப்போயி, ஊர்ப் பொம்பளையளாவது பொழைக்கட்டும்னு வீட்ட அப்பிடியே சர்க்காருக்கு எழுதிக் குடுத்துட்டு மெட்ராசுக்கு ரயிலேறிட்டாரு. ராசா சாப்பிடுத கூடந்தான் எங்க வார்டு. மச்சுல கிருஷ்ணன் வெண்ணெ திங்கிற மாதிரி படம் வரைஞ்சிருக்கும், பாத்தியள்லா? கீழ இவ வலியில உயிரு போவுதுன்னு கத்துவா, மேல அவன் உருட்டி உருட்டி முழுங்குவான். "எறங்கி வாலே, ஒனக்கு இருக்கு"ன்னு அவன வையாத பொம்பள இந்த ஊர்ல கெடையாது.

பதினஞ்சு வருசத்துக்கு முன்னால பைபாஸ் ரோட்ல புது ஆஸ்பத்திரி கெட்டுனாக. கட்டில், மெத்தை, மருந்து எல்லாத்தையும் லாரில ஏத்திட்டு, பெரிய டாக்டரம்மா கார்ல ஏறும்போது என்னையக் கூப்பிட்டு, "உலகம்மா, பாத்துக்கோ"ன்னாக. அம்புட்டுத்தான். எதப் பாக்க, எப்ப வரைக்கும் பாக்க, ஒண்ணும் சொல்லல. கார் போயிட்டு. நான் அந்த வார்த்தையப் புடிச்சிக்கிட்டு நின்னேன்.

மொத வாரம் பேன் போச்சி. ரெண்டாவது வாரம் பேன் தொங்குன கொக்கி போச்சி. பொறவு ஊரே எறங்கிட்டு. எரியுத வீட்ல புடுங்குனது லாபம்பாக. இங்க வீடு எரியக்கூட இல்ல தாயி, அது பாட்டுக்கு நின்னுக்கிட்டுதான் இருந்திச்சி. டீக்கடை கொம்பையா ஓ.பி. பெஞ்சத் தூக்கிட்டான். நாலு ஆள் ஒக்காருத தேக்குப் பெஞ்சு. இன்னைக்கும் அவன் கடையில டீ குடிக்க வாரவன் அதுல ஒக்காந்ததும் மூட்டு வலிக்கு, செமிக்கலன்னுதான் பேச ஆரம்பிக்கான், பெஞ்சோட ராசி அப்பிடி. ராணி முகம் பாத்த ஆளுயரக் கண்ணாடி சலூன்கடை நயினார்ட்ட போயிட்டு. கலர்க் கண்ணாடி பதிச்ச ரெண்டு சன்னலு ஞானத்தாய் டீச்சர் வீட்டுச் செப அறையில. ரிட்டையரான டீச்சரு, கல்யாணம் முடிக்காதவுக, ஊருல நல்ல பேரு. காலம்பற வெயில் அடிச்சா டீச்சர் மொகத்துல செவப்பும் பச்சையுமா விழும், அவுக முழங்கால்ல நிப்பாக. திருட்டுச் சன்னலுக்கு முன்னால நின்னுக்கிட்டு "எங்கள் பாவங்களை மன்னியும்"னு செபம். கேட்டியளா இந்த அக்கிரமத்த?

நான் எடுத்தது வேற. அத இதோட சேக்காதிங்க.

அந்த வருசம் ஐப்பசில மழையான மழை. வாசல் பக்கத்துச் செவரு நனைஞ்சி ஊறிப்போயி நிக்கி. ஒரு பழைய மரக்கடைக்காரன் டேப்ப வச்சி நிலைய அளந்துக்கிட்டு இருக்கான். பர்மாத் தேக்கு. மேல கஜலெச்சுமி, ரெண்டு பக்கமும் ஆனை. நான் பாத்துக்கிட்டுச் சும்மா இருந்தா பெரிய டாக்டரம்மா சொன்ன சொல்லு என்னாகது? ஆறு ஆளப் புடிச்சேன், ஒரு டிராக்டரப் புடிச்சேன், பட்டப்பகல்ல கொண்டாந்தேன். திருடுதவ பட்டப்பகல்ல டிராக்டர்லயா போவா? நீங்களே சொல்லுங்க.

எங்க வீடு ஏழடி, நிலை ஒம்பதடி. முன் செவர இடிச்சி ஒசத்திக் கெட்டுனோம். பக்கத்துலருந்து பாத்தா வீடு கொட்டாவி விடுத மாதிரி இருக்கும். ரெட்டக் கதவுல ஒண்ணு தொறக்கும், இன்னொண்ணு கட்டில்ல முட்டும். எங்க வீட்டுக்காரக அன்னைக்கு வாயத் தொறந்தாக. "எல்லாரும் வீட்டுக்குக் கதவு போடுவான். நீ கதவுக்கு வீடு கெட்டிட்ட"ன்னாக. அதுக்கப்புறம் பெருசா ஒண்ணும் பேசல.

பெஞ்சு, கண்ணாடின்னா எடுக்கலாம் வைக்கலாம். நிலை அப்பிடியா? நவதானியம் போட்டு, மஞ்சத் துணி கெட்டி, சூடங் காட்டி நிறுத்திட்டா அது வீட்டு லெச்சுமில்லா! பதினஞ்சு வருசம் ஒரு வெள்ளிக்கிழம தவறாம மஞ்சள் குங்குமம் வச்சிருக்கேன். ஆஸ்பத்திரில இருந்த காலத்துல அதுக்கு யாரு குங்குமம் வச்சா? டிஞ்சர்தான் தெறிச்சிருக்கும்.

சரி, அது கெடக்கட்டும். இப்பம் உள்ள பஞ்சாயத்துத் தலைவரு பங்களாவ இடிச்சிட்டுக் கடை கெட்டி விடப் போறேன்னு கெளம்புனாருல்லா, அன்னைக்கு ஊருல எவன் வாயத் தொறந்தான்? நான்தான் தொறந்தேன். திங்கக்கிழம தவறாமக் கலெக்டர் ஆபீசு. பதினோரு மனு. பதினோராவது மனுவுக்குத்தான நீங்க வந்திய. போன மாசம், தலையில தொப்பி போட்டுக்கிட்டு, செவரச் செவரத் தட்டிப் பாத்துக்கிட்டு. அன்னைக்கு நீங்க சொன்ன வார்த்த எனக்கு அச்சடிச்ச மாதிரி ஞாபகம் இருக்கு. "செவரு ஸ்ட்ராங்கா இருக்கு பாட்டி. ஆனா உள்ள ஒண்ணுமே இல்ல. பழைய சாமான் எல்லாம் ஒரு மாசத்துல திரும்பி வந்தா, பாதுகாக்கலாம்னு எழுதுவேன். இல்லன்னா இடிக்கச் சொல்லித்தான் எழுதணும்." சொல்லிட்டு ஒரு லிஸ்ட்டக் கையில குடுத்திய. பாட்டின்னு சொன்னது மட்டும் எனக்குப் புடிக்கல. போகட்டும்.

அத இடிக்கத நெனச்சா எனக்குச் சோறு எறங்கல தாயி. நெசமாச் சொல்லுதேன். எம்புட்டுச் சத்தம் கேட்ட வீடு அது! ஒரு நாளைக்கு அஞ்சு பிள்ள அழும். அதக் கடையாக்கி அதுல செருப்பும் பிளாஸ்டிக் வாளியும் தொங்கவிடப் போறான்னா வயிறு எரியுமா எரியாதா?

லிஸ்ட்ட எடுத்துக்கிட்டு எறங்குனேன். மொதல்ல கொம்பையா. பெஞ்சத் தாலேன்னேன். "எந்தப் பெஞ்சு?"ன்னான், பெஞ்சு மேல ஒக்காந்துக்கிட்டே. "எலே, நீ பொறக்கும்போது அழாமக் கெடந்த. காலப் புடிச்சித் தலகீழாத் தூக்கி முதுகுல ரெண்டு போட்டப் பொறவுதான் மூச்சு வந்திச்சி. அந்த ரெண்டும் இன்னும் எங்கைல இருக்கு. வேணுமா?"ன்னேன். கடையில எல்லாரும் சிரிச்சிட்டான். சாயங்காலமே பெஞ்சு வந்திட்டு.

நயினார் லேசுல மடங்கல. "யக்கா, அந்தக் கண்ணாடில பாத்தா எந்த மூஞ்சியும் மந்திரி மூஞ்சி மாதிரித் தெரியும். அது போச்சின்னா எங்கடைக்கு எவன் வருவான்?"னு அழுதான். சரின்னுட்டு வந்திட்டேன். ஞாயித்துக்கிழம காலையில, கூட்டம் அள்ளுத நேரம், நேராப் போயி அவன் சுழல் நாக்காலில ஒக்காந்துட்டேன். ஷேவிங்குக்கு வந்தவன்லாம் வாசல்லயே நிக்கான். மடிச்சிக் கெட்டுன வேட்டிய எறக்கி விடுதான். "வாலே, பால்ராசு மவன்தான நீ? கொடி சுத்திப் பொறந்த பய. கழுத்துல கத்தி வைக்கும்போது பாத்து வைக்கச் சொல்லு"ன்னு ஒவ்வொருத்தனையும் வெசாரிச்சேன். ஒருத்தன் உள்ள வரல. பன்னெண்டு மணிக்கு நயினார் கையெடுத்துக் கும்பிட்டு, "எந்திரிச்சிப் போயிரு யக்கா, கண்ணாடிய நானே கொண்டாந்து வைக்கேன்"னான்.

டீச்சர்ட்ட மட்டும் நான் சத்தம் போடல. படிச்சவுக. போயி நின்னு, "கர்த்தர் கேட்டா என்ன சொல்லுவிய டீச்சர்?"னேன். அவுக கண்ணாடியத் தொடச்சி மாட்டிக்கிட்டு, "ரெண்டு நாள் டைம் கொடு உலகம்மா"ன்னாக. ரெண்டு நாள்ல சன்னல் வந்திட்டு.

இப்பிடி ஒண்ணொண்ணா வந்து, போன வியாழக்கிழம சாயங்காலம் கூடம் நெறைஞ்சி போச்சி. பாக்கக் கண்ணு கொள்ளல. ஊரே வந்திருந்திச்சி. ராணி கண்ணாடில எல்லாப் பயலும் மொகம் பாத்துக்கிடுதான். நயினார் லிஸ்ட்ட வாங்கிச் சத்தமா வாசிச்சான். "ஓ.பி. பெஞ்சு." இருக்கு. "ஆளுயரக் கண்ணாடி." இருக்கு. "கலர்ச் சன்னல் ரெண்டு." இருக்கு. கடைசில, "பெரிய வாசல் நிலை, கதவோட."

எல்லாரும் என்னையப் பாக்கான்.

"எம்மக மாசமா இருக்கா"ன்னேன். "மாசமா இருக்கவ இருக்க வீட்ல ஒரு ஆணி அடிக்கக்கூடாது. நிலையப் பேக்கலாமா? பிள்ள பொறந்து தீட்டுக் கழியட்டும், நானே தலையில வச்சிக் கொண்டாறேன்."

"அதுக்குள்ள அந்த மேடம் குடுத்த ஒரு மாசம் முடிஞ்சிருமே"ன்னான் நயினார். நான் அவன ஒரு பார்வ பாத்தேன்.

கொம்பையாதான் எனக்கு ஏத்துப் பேசுனான். "அக்கா சொல்லுதது நியாயந்தான். மாசமா இருக்க வீட்ல கை வைக்கக்கூடாது. அது பெரிய பாவம்"னான். எனக்கு மனசு குளுந்திட்டு. அடி குடுத்து வளத்த பிள்ளல்லான்னு நெனச்சேன். பொறவு அவன் தாடையச் சொறிஞ்சான். "அப்பிடிப் பாத்தா எங்க வீட்லயும் மருமவ மூணு மாசம். யாருட்டயும் இன்னும் சொல்லல"ன்னுட்டு, பெஞ்சுல ஒரு பக்கத்தப் புடிச்சித் தூக்குனான்.

"எங்க வீட்ல கொழுந்தியா வந்திருக்கா. ஆறு மாசம்"னான் நயினார்.

"எலே! ஒனக்கு ஏதுலே கொழுந்தியா? ஒம் பொண்டாட்டி ஒத்தைக்கு ஒருத்தில்லா, நாந்தான அவ அம்மைக்குப் பிரசவம் பாத்தேன்!"

"சித்தி மவ"ன்னுட்டுக் கண்ணாடியத் தோள்ல தூக்கி வச்சிட்டான்.

டீச்சரப் பாத்தேன். கல்யாணம் முடிக்காத டீச்சரு, இவுக என்னத்தச் சொல்ல முடியும்னு ஒரு தைரியம். அவுக தொண்டையக் கனைச்சிக்கிட்டு, "எங்க வீட்டுப் பசு சினையா இருக்கு உலகம்மா"ன்னாக. "பசுவும் தாய்தானே?"

பசு தாய் இல்லன்னா சொல்ல முடியும்? வெளக்கு வைக்க நேரத்துக்குள்ள கூடம் காலி. மச்சுல கிருஷ்ணன் மட்டும் வெண்ணெ தின்னுக்கிட்டு இருந்தான். அவன உரிச்சி எடுக்க முடியாது பாருங்க, இல்லன்னா அவனையும் கொண்டு போயிருப்பானுவ.

வீட்டுக்கு வந்து ஒரு மூச்சு வஞ்சேன். திருட்டு மூதிய, நன்றி கெட்ட நாய்ய, சினைப் பசுவாம் சினைப் பசுன்னு. சந்தனமாரி தரையில காலு நீட்டி முருங்கக்கீர உருவிக்கிட்டு இருந்தா. நிமிரல. கீரையப் பாத்துக்கிட்டே சொன்னா.

"அவுகள எதுக்கும்மா வையுத? நீ சொன்னதத்தான அவுகளும் சொன்னாக."

"ஏட்டி, எங் கவல ஒனக்கு என்ன தெரியும்? ரெண்டு தடவ கைக்கு எட்டுனது போச்சி…"

"அந்த ரெண்டும் எங்க வச்சிம்மா போச்சி?"

நான் திரும்பி நிலையப் பாத்தேன்.

"இங்க வச்சித்தான போச்சி. அப்பமும் இந்த நிலை நின்னுக்கிட்டுத்தான இருந்திச்சி? ஒரு ஆணி அடிச்சியா? வெள்ளிக்கிழம மஞ்சள் வைக்காம விட்டியா? எல்லாம் சரியாத்தானம்மா இருந்திச்சி. போயிட்டுல்லா." கீரைத் தட்ட எறக்கி வச்சா. "எனக்காண்டி ஒரு செவர இடிக்கக்கூடாதுன்னு சொல்லுத. எனக்காண்டி அம்மாம் பெரிய பங்களாவ இடிச்சா மட்டும் ஆகுமா? எம்பிள்ள பேரச் சொல்லி ஒரு வீடு விழ வேண்டாம்மா."

எனக்குக் கோவமும் வந்திட்டு, அழுகையும் வந்திட்டு. ரெண்டும் ஒண்ணா வந்தா எத மொதல்ல செய்யன்னு தெரியல. போயிப் பாத்திரம் வெளக்குனேன். வெளக்குன பாத்திரத்தையே எடுத்து மறுபடியும் வெளக்குனேன். மகளுக்கு முன்னால தலகுனியுதது இருக்குல்லா தாயி, அது ஒரு தனி வலி. முப்பத்தோரு வருசம் அந்த வார்டுல எம்புட்டோ வலி பாத்திருக்கேன், இதப் பாத்ததில்ல.

கட்டில்லருந்து ஒரு சத்தம். "கொத்தனாருக்குச் சொல்லி விடட்டா?" அவுகதான். மக பேசுனா மட்டும் காது கேக்கும்போல.

மறுநாள் காலம்பற கொத்தனாரு ஆளுகளோட வந்தான். "ஒத்தத் தட்டு கேக்கப்படாது"ன்னேன். "தட்டாம எப்பிடிக்கா நிலைய எடுக்க?"ன்னான். "பிள்ளைய எடுக்க மாதிரி எடு. அவசரப்படாத, இழுக்காத, அதுவா வரும்"னேன். என்னையக் கோட்டிக்காரியப் பாக்க மாதிரிப் பாத்தான். ஆனா செஞ்சான். நயினார் வந்திட்டான், எவன் சொன்னான்னு தெரியல, சோப்பு நுரையும் பிரஷுமா நின்னு காரைய நனைச்சி நனைச்சிக் குடுத்தான். கொத்தனாரு சோத்துக் கரண்டிய வாங்கிச் சொரண்டிச் சொரண்டி எடுத்தான். வெள்ளன ஆரம்பிச்சது, சாயங்காலம் நாலு மணிக்கு நிலை பூப்போல வெளிய வந்திச்சி. சந்தனமாரி அது வரைக்கும் அடுப்படியில படுத்து நல்லாத் தூங்குனா. நாந்தான் ஒவ்வொரு சொரண்டலுக்கும் செத்துச் செத்துப் பொழைச்சேன்.

டிராக்டர்ல ஏத்துனோம். நான் பக்கத்துல நடந்தேன், தலயக் குனிஞ்சிக்கிட்டுத்தான். ரெண்டு தெரு தாண்டித் திரும்பிப் பாத்தா, பின்னால கொம்பையா பெஞ்சத் தூக்கிக்கிட்டு வாரான். நயினார் கண்ணாடியத் தள்ளுவண்டில வச்சித் தள்ளுதான், தெரு பூராவும் அதுல தெரியுது. டீச்சர் ரெண்டு சன்னலையும் ஆட்டோவுல வச்சி, பசுவையும் கையில புடிச்சிக்கிட்டு வாராக. பசு எதுக்குன்னு கேக்கல. சாட்சிக்கா இருக்கும்.

கொத்தனாரு நிலையையும் கதவையும் பங்களாவுல பழைய எடத்துலயே நிறுத்திட்டான். இம்புட்டுத்தான் நடந்திச்சி. இப்பம் எழுதுங்க. நான் சொல்லுதேன், நீங்க எழுதுங்க. நயினாருக்கு நேர "திருட்டு"ன்னு போடுங்க. கொம்பையாவுக்கும் அதேதான். டீச்சருக்கு, பாவம், வயசாளி, "தெரியாம எடுத்தது"ன்னு போடுங்க. எனக்கு நேர, "உலகம்மாள் பதினைந்து வருடம் பத்திரமாகப் பாதுகாத்து ஒப்படைத்தார்." அம்புட்டுத்தான், ரெண்டு விரக்கடைக்குள்ள அடங்கிரும்.

எழுதிட்டியளா? அது கெடக்கட்டும், மொதல்ல இதச் சொல்லுங்க. இடிப்பாகளா, மாட்டாகளா?

இடிக்கலியா? நெசமாவா? சத்தியமா? ஏட்டி சந்தனமாரி, கேட்டியா? இடிக்கலியாம்ட்டி! இந்தா, இவுகளே சொல்லிட்டாக! ஏங்க, எந்திரிங்க, இடிக்கலியாம்! கேக்காத மாதிரிப் படுத்திருக்கதப் பாருங்க. கண்ணுலருந்து தண்ணி வருது, காது மட்டும் கேக்காது. நீங்க நல்லா இருப்பிய தாயி. ஒங்களுக்கு எத்தன பிள்ள? இன்னும் கல்யாணமே முடியலியா? அதெல்லாம் முடியும். நான் இருக்கேன்.

என்னது? இன்னைக்குப் பூட்டி சீல் வைக்கப் போறியளா? பழுது பாக்குத வேலை ஆரம்பிக்க வரைக்கும் ஒருத்தரும் தொறக்கக்கூடாதா?

இருங்க. இருங்க தாயி, எந்திரிக்காதிங்க.

ஒண்ணு சொல்லணும். நீங்க எப்பிடி வந்திச்சின்னுதான கேட்டிய, எதுக்கு எடுத்தன்னு கேக்கலியே. பதினஞ்சு வருசத்துல ஒருத்தரும் கேக்கல. வார்டுல பிள்ள சிக்கிக்கிட்டா டாக்டரம்மா கத்தரிக்கோலத் தேடுவாக. நான் ஓடிப்போயிப் பெரிய வாசல் கதவு ரெண்டையும் விரியத் தொறந்து வைப்பேன். அடைச்ச கதவு தொறந்தா அடைச்ச வழியும் தொறக்கும்னு எங்கம்மை சொல்லுவா. மொதல்ல பெரிய டாக்டரம்மா சிரிச்சாக. பொறவு பொறவு அவுகளே கையில உறைய மாட்டிக்கிட்டு, "உலகம்மா, கதவு?"ன்னு கேக்க ஆரம்பிச்சிட்டாக. பத்துல ஒம்பது பிள்ள பொறந்திரும். மத்த ஒண்ண நான் எண்ணுததில்ல. இவ பொறக்கும்போது நானே வலியில கெடந்துக்கிட்டு, "கதவத் தொறங்கட்டி"ன்னுதான் கத்துனேன்.

அந்த மரக்கடைக்காரன் அளந்தது நெசந்தான். மழை பேஞ்சதும் நெசந்தான். ஆனா நான் எடுத்தது இவளுக்கு. எத்தனையோ பேருக்கு வழி விட்ட கதவு, எம்மகளுக்கும் விடும்னு எடுத்தேன். ரெண்டு தடவையும் கதவத் தொறக்கிற அளவுக்கு மாசம் வரல தாயி. மூணு மாசத்துலயும் நாலு மாசத்துலயும் போனதுக்கு எந்தக் கதவத் தொறக்க? இப்பந்தான் வந்திருக்கு. இப்பம் பாத்து நான் கொண்டு போயிக் குடுத்துட்டேன்.

எழுதுனத அடிங்க. பத்திரமாப் பாதுகாத்தேன்னு எழுதுனத அடிங்க. வயித்துப் பிள்ளைக்காரிய வீட்ல வச்சிக்கிட்டு நான் பொய் சொல்லக்கூடாது. எடுத்தேன்னே எழுதுங்க. திருட்டுன்னு எழுதுனாலும் சரி. ஆனா நயினாருக்கு மேல எம்பேரு வரணும், பெரிய சாமான எடுத்தவ நாந்தான? எங்க கைநாட்டு வைக்க? கைநாட்டு எதுக்கு, நான் கையெழுத்தே போடுவேன்.

சீல் மட்டும் ஒரு பத்து நாள் கழிச்சி வைங்க. உள்ள கொம்பையா படுத்துக்கிடுவான், ஒரு தூசி போகாது, நான் பொறுப்பு. பைபாஸ் ஆஸ்பத்திரிலதான் இவளச் சேப்பேன், அதெல்லாம் டாக்டர் சொன்ன மாதிரித்தான். இவளுக்கு வலி கண்டதும் நயினார் ஓடிப்போயி அந்தக் கதவ ரெண்டு பக்கமும் தொறந்து வச்சிருவான், எல்லாம் பேசி வச்சிருக்கேன். பிள்ள பொறந்ததும் நானே சாத்திட்டு, ஆணா பொண்ணான்னு ஒங்களுக்குப் போன்ல சொல்லுதேன். எங்க வீட்ல தொறந்து வைக்கதுக்கு இப்பம் கதவு இல்லல்லா தாயி.